வராத கையும் பூண்டு உரிக்கும்: பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் செய்யும் பயிற்சிகள்

பூம்பாறையில் ஒரு வீடு. தெருவிலிருந்து இருபத்திரண்டு படி இறங்கினால்தான் வாசல். உள்ளே கட்டிலில் ஒரு அப்பத்தா. பக்கவாதம் வந்து மூன்று வாரம். வலது பக்கம் வரவில்லை. கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் ‘பிசியோதெரபி’ என்று ஒரே ஒரு சொல். என்ன செய்வது, எத்தனை தடவை, யார் செய்வது, எதுவும் இல்லை. நான் போனபோது பேரன் தனக்குத் தெரிந்த பிசியோதெரபியைச் செய்துகொண்டிருந்தான். அப்பத்தாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து, அடிபம்பு அடிக்கிற மாதிரி மேலும் கீழும். “நூறு ஆச்சுண்ணே” என்றான். அப்பத்தா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தோளைத் தொட்டுப் பார்த்தேன். தோள் எலும்பின் நுனிக்குக் கீழே ஒரு விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம்.

பையன் மேல் தப்பில்லை. சொல்லித்தர ஆள் இல்லை, தெரிந்ததைச் செய்தான். கொடைக்கானல் மலையில் இந்தப் பயிற்சிகளைச் சொல்லித்தர வீடு வீடாக ஏறி இறங்குகிற எனக்கு இது பழகிய காட்சி. சில வீடுகளில் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். சில வீடுகளில், பாவம் சிரமப்பட வேண்டாம் என்று சோறூட்டுவதிலிருந்து முகம் துடைப்பது வரை எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது வகை வீடுதான் எனக்கு அதிகக் கவலை.

ஏன் என்றால், கை வராமல் போனதற்குக் காரணம் கையில் இல்லை. மூளையில் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டது, அல்லது ரத்தம் கசிந்துவிட்டது. கைக்குப் போகும் உத்தரவு வழியில் நின்றுபோகிறது. வத்தலகுண்டு சாலையில் மண் சரிந்தால் நாம் பழனி சாலை வழியாகச் சுற்றி இறங்குவதில்லையா, மூளையும் அப்படி வேறு வழி பிடிக்கும். ஆனால் அந்த வழியில் வண்டி ஓடினால்தான் பாதை பதியும். நோயாளி தானாக முயன்று செய்கிற ஒவ்வொரு அசைவும் ஒரு வண்டி. பேரன் அடித்த நூறில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. மூட்டு இறுகாமல் இருக்க நாம் அசைத்துவிடுவதும் தேவைதான். ஆனால் அது பராமரிப்பு, பயிற்சி வேறு.

இதே காரணத்தால், வீடுகளில் என்னிடம் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். “கரண்ட் வைக்க மாட்டீங்களா?” சிலருக்கு மின் தூண்டல் உதவும், ஆனால் கூடவே நோயாளியும் முயன்றால்தான். “புறா ரத்தம் தடவலாமா?” வேண்டாம். புறாவையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், லேசாகத் தேய்க்கலாம். அதோடு அன்றைய பயிற்சி முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அசைவு போன கையையும் காலையும் கீழே ‘வராத கை’, ‘வராத கால்’ என்றே எழுதுகிறேன். நம் பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம்.

தொடங்கும் முன்

வீட்டுக்கு அனுப்பும்போதே மருத்துவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள். வந்தது அடைப்பா, கசிவா? பி.பி. எவ்வளவுக்கு மேல் இருந்தால் பயிற்சி கூடாது? விழுங்குவதில் சிக்கல் உண்டா? மருத்துவர் தனியாக அளவு சொல்லவில்லை என்றால், உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போதே 180/110-க்கு மேல் காட்டினால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. மெஷின் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. அளப்பது நல்ல கையில்.

பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாகப் போய்வரும். பேசமுடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அதிகமாகிவிட்டது என்று பொருள். நெஞ்சு வலி, கிறுகிறுப்பு, குப்பென்று வியர்வை, இதில் எது வந்தாலும் உட்கார வைத்து நிறுத்துங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக, வலியோடு இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்க்கவும் கூடாது, நடத்தவும் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வரலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது, திடீரென்று தாங்கமுடியாத தலைவலி. பார்த்த உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசி, தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி. மன்னவனூர், கவுஞ்சி பக்கமிருந்து கொடைக்கானல் வரவே ஒரு மணி நேரம் போய்விடும். அங்கிருந்து மதுரைக்கோ தேனிக்கோ மலை இறங்க இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். “கொஞ்சம் படுத்தா சரியாயிரும்” என்று காத்திருக்க மலையில் இருப்பவர்களுக்கு நேரமே கிடையாது. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், போகிற இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வழியில் வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர் உட்பட.

படுக்கை

முதல் சில வாரங்களில் படுத்திருக்கும் நேரமே அதிகம். அதனால் படுக்க வைக்கும் விதத்திலிருந்தே வேலை தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புட்டத்திலும் குதிகாலிலும் புண் வரும்.

மல்லாந்து படுக்கும்போது வராத பக்கத் தோள்பட்டைக்கும் கைக்கும் அடியில் தலையணை. உள்ளங்கை விரிந்திருக்கட்டும். கால் வெளிப்பக்கம் சாய்ந்துபோகாமல் இடுப்போரம் ஒரு சுருட்டிய போர்வை. முழங்காலுக்கு அடியில் எந்நேரமும் தலையணை வைக்காதீர்கள், முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். நல்ல பக்கம் ஒருக்களித்தால், வராத கையையும் காலையும் உடம்புக்கு முன்னால் தலையணைகள் மேல் வையுங்கள்.

வராத பக்கமாகவும் படுக்கலாமா என்று எல்லோரும் தயங்குவார்கள். படுக்கலாம், நல்லதும்கூட, அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று மூளைக்கு நினைவு வரும். தோள் உடம்புக்கு அடியில் நசுங்காதபடி தோள்பட்டையை முன்பக்கம் நகர்த்திவிட்டு, கையை முன்னால் நீட்டி வைத்தால் போதும். வலித்தால் நேரத்தைக் குறையுங்கள்.

சிலருக்கு இடது பக்கம் இருப்பதே மறந்துபோகும். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள், டிவியும் அந்தப் பக்கம் இருக்கட்டும். கூப்பிடும் மணி மட்டும் நல்ல கைக்கு எட்டுகிற இடத்தில்.

தோள்: இழுக்கவே கூடாத இடம்

தோள் மூட்டு ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்து. சுற்றியுள்ள தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தசை தளர்ந்ததும் கையின் எடையே பந்தைக் கீழே இறக்கிவிடும். அப்பத்தாவின் தோளில் நான் தொட்ட பள்ளம் அதுதான். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால், அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால், வலி பிடித்துக்கொள்ளும். தோள் வலித்தால் அவர் கையை அசைக்கவே விடமாட்டார், மாதக்கணக்கில் பயிற்சி நின்றுபோகும்.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும், பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு சட்டம்: தூக்கும்போது இடுப்பைப் பிடிக்க வேண்டும், கையைப் பிடிக்கக் கூடாது. இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டோ, நீளத் துண்டோ கட்டிவிட்டால் பிடிக்க வசதி. உட்கார்ந்திருக்கும்போது வராத கை தொங்கக் கூடாது; மேசை மேலோ, மடித் தலையணை மேலோ இருக்க வேண்டும். சட்டை, ஸ்வெட்டர் போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது கடைசியில். மலையில் மூன்று அடுக்கு உடுப்பு போடுகிறோம், ஒவ்வொரு அடுக்கிலும் தோள் தப்ப வேண்டுமே. முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் வாங்குங்கள்.

மூட்டு இறுகாமலிருக்க, நீங்கள் அசைத்துவிட வேண்டியவை இவை. ஒரு கையால் முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் தாங்கி, கையை முன்பக்கமாகத் தோள் மட்டம் வரை மட்டும் உயர்த்துங்கள். அதற்கு மேல் போவது பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு. முழங்கையை மடக்கி நீட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பிக் கொண்டுவாருங்கள். மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியில் கட்டை விரலை வெளியே விரியுங்கள். காலுக்கு: குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவது, காலைப் பக்கவாட்டில் அகற்றிச் சேர்ப்பது, முழங்கால் நீண்டிருக்கப் பாதத்தை மேல்நோக்கித் தள்ளி முப்பது எண்ணும் வரை பிடிப்பது. ஒவ்வொன்றும் மெதுவாகப் பத்து, காலை மாலை. பாதத்துக்கு மட்டும் ஐந்து போதும். ஒவ்வொரு அசைவிலும் “நீங்களும் தூக்கப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். துளி துடிப்பு தெரிந்தாலும் உங்கள் பிடியை அந்த அளவுக்குத் தளர்த்துங்கள். அங்கிருந்துதான் பயிற்சி.

உத்தரத்தில் கயிறும் உருளையும் கட்டி, நல்ல கையால் வராத கையை மேலே இழுக்கும் ஏற்பாட்டைச் சில வீடுகளில் பார்க்கிறேன். அவிழ்த்துவிடுங்கள். தோள் கிழிய அதைவிடச் சுருக்கு வழி இல்லை. அதற்குப் பதிலாக, இரண்டு கை விரல்களையும் கோத்து, வராத கட்டை விரல் மேலே இருக்கும்படி வைத்து, மேசை மேல் முன்னால் தள்ளித் திரும்ப இழுக்கட்டும்.

இடுப்பைத் தூக்குவது, எழுந்து உட்காருவது

மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் மேலே தூக்க வேண்டும். வராத பாதம் வழுக்கும், நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து எண்ணி இறக்குவது, பத்துத் தடவை. சேலை மாற்ற, பெட்பேன் வைக்க இதுவே கைகொடுக்கும் என்பதால் பார்த்துக்கொள்கிறவருக்கும் பாதி வேலை குறையும்.

எழுந்திருக்கும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராகத் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்காரட்டும், தலை சுற்றலாம்.

உட்கார்ந்தபின் பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். கட்டில் உயரமாக இருந்தால் காலுக்கு ஒரு பலகை போடுங்கள். முன்னாலும் இரு பக்கமும் ஒரு டம்ளரை நீட்டி, நல்ல கையால் எட்டி வாங்கச் சொல்லுங்கள். தினம் கொஞ்சம் தள்ளி நீட்டுங்கள். சாய்ந்து சாய்ந்து நிமிர்வதில்தான் நடு உடம்பு வலுவாகும். நீங்கள் வராத பக்கம் உட்கார்ந்திருங்கள், விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழுவார்.

உட்கார்ந்து எழுவது

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன். கழிப்பறை போவது, நடப்பது, படி ஏறுவது எல்லாமே இதிலிருந்து தொடங்குகின்றன.

கைப்பிடி உள்ள, நகராத, கனமான நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோரம் ஒட்டிப் போடுங்கள். ஆரம்பத்தில் உட்காருமிடம் உயரமாக இருக்கட்டும். மடித்த ஜமுக்காளம் இரண்டு போடலாம். நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். கால் முன்னால் நீட்டியிருந்தால் யாராலும் எழ முடியாது, நீங்களே உட்கார்ந்து பாருங்கள். வராத பாதம் நல்ல பாதத்துக்குச் சமமாக, முடிந்தால் துளி பின்னால். நல்ல கால் பின்னால் இருந்தால் எல்லா எடையையும் அதுவே வாங்கிக்கொள்ளும், வராத கால் சும்மா நிற்கும்.

இப்போது மூக்கு, கால் விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிய வேண்டும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பின்னால் சாய்வார்கள். நீங்கள் வராத பக்கத்துக்குச் சற்று முன்னால் நின்று, உங்கள் முழங்காலால் அவருடைய வராத முழங்காலுக்கு அணை கொடுத்து, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, “குனிங்க... குனிங்க... இப்ப எந்திரிங்க” என்று சொல்லுங்கள். நிமிர்ந்து நின்று மூன்று எண்ணிவிட்டு, மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போச்சு. இறங்கும்போதும் தொடைக்கு நல்ல வேலை இருக்கிறது.

எத்தனை? இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்று வேளை சாப்பாடு, இரண்டு வேளை டீ, ஐந்து தடவை கழிப்பறை. எப்படியும் பத்துத் தடவை எழுகிறார். எழும் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக மூன்று முறை உட்கார்ந்து எழட்டும். ‘எக்சர்சைஸ்’ என்ற பேச்சே எடுக்காமல் நாற்பது ஆகிவிடும். அரை மணி நேரம் உட்கார வைத்து அதட்டி வாங்குகிற நாற்பதைவிட இது சுலபம். சில வாரங்களில் சுலபமாக எழ வந்ததும் ஒரு ஜமுக்காளத்தை எடுத்துவிடுங்கள்.

நிற்பது, நடப்பது, படி

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நல்ல தொடக்கம். எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்ற வேண்டும். பிறகு நல்ல காலை மட்டும் ஒரு எட்டு முன்னால் வைத்துப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் நல்ல கால் தூக்கப்படும் அந்த ஒரு நொடியில் உடம்பு முழுவதையும் தாங்குவது வராத கால்தான். முழங்கால் மடங்குமோ என்று பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள்.

நடக்கும்போது கம்பு நல்ல கையில். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை உயரத்துக்குக் கம்பின் பிடி வர வேண்டும். முதலில் கம்பு, அப்புறம் வராத கால், கடைசியில் நல்ல கால். துணைக்கு வருபவர் வராத பக்கம், அரை எட்டு பின்னால். கை கோத்து நடக்காதீர்கள், மறுபடியும் தோள்.

பாதம் தூக்க வராமல் பெருவிரல் தரையில் இடறினால், கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று இருக்கிறது. அளவெடுத்துப் போட வேண்டியது அது. சொந்தமாகக் கடையில் வாங்காதீர்கள். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். பின்பக்கம் பட்டை உள்ள, அடிப்பாகம் வழுக்காத ஷூ.

மலை வீட்டுக்கென்று சில விஷயம் உண்டு. இங்கே சமதளம் என்பதே பஸ் நிறுத்தமும் கோயில் வாசலும் பள்ளி மைதானமும்தான். முதல் சில வாரம் வீட்டுக்குள் மட்டும் நடக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில், துணையாள் எப்போதும் ஒரு படி கீழே. ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து, முழங்கால் சட்டென்று மடங்கும். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம் என்பதால் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் பட்டை அடித்துவிடுங்கள். ஓரமாக இரும்புக் குழாய் ஒன்று கைப்பிடியாகப் போடுங்கள். ஏறும்போது நல்ல கை எந்தப் பக்கம், இறங்கும்போது எந்தப் பக்கம் என்று யோசித்து, முடிந்தால் இரண்டு பக்கமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த படியில் நடைப் பயிற்சி வேண்டாம்.

அப்பத்தாவின் ஆசை குழந்தை வேலப்பர் கோயிலுக்குத் தானாக நடந்து போவது. இருபத்திரண்டு படியும் முதலில் ஏற வேண்டும். நாங்கள் முதல் நாள் இரண்டு படி ஏறி இறங்கினோம். “இதுக்கா இம்புட்டு பாடு தம்பி?” என்றார். மறுநாளும் இரண்டுதான்.

கை, அப்புறம் பூண்டு

கால் முந்தும், கை பிந்தும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். அதனால் கையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

முதலில் சூடு. குளிரில் தசை இறுகும். மார்கழிக் காலையில் மூடிய விரலைத் திறப்பது போராட்டம். பத்து மணிக்கு மேல் திண்ணையில் வெயில் விழும்போது வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் வைக்கலாம். சூடு பார்ப்பது உங்கள் முழங்கை. அவருடைய வராத கை அல்ல. உணர்ச்சி குறைந்த கையில் வெந்நீர்ப் பை வைத்துக் கொப்புளம் கண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிர் காயும் நெருப்புப் பக்கமும் வராத கையை நீட்ட விடாதீர்கள். சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: கதவை அடைத்த அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷ வாயுவில் ஆள் எழாமலே போவதுண்டு.

கை சூடானதும், மேசை மேல் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வராத கையை வைத்து முன்னே தள்ளி, பக்கவாட்டில் துடைக்கச் சொல்லுங்கள். நல்ல கை மேலே வைத்து உதவலாம். கொஞ்சம் அசைவு வந்ததும் உதவியைக் குறைக்க வேண்டும்.

எல்லோரும் ரப்பர் பந்தை வாங்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கை தளர்ந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் விரல்கள் ஏற்கெனவே மூடி இறுகிக்கொண்டிருந்தால் பந்தை அமுக்குவது இறுக்கத்தைக் கூட்டலாம். மூடுவதைவிடத் திறப்பதுதான் கஷ்டம். பயிற்சியும் திறப்பதற்குத்தான் வேண்டும்.

அப்பத்தா வீட்டு அடுக்களையில் பூண்டுக் கட்டு தொங்கியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறையில் பூண்டு நட்டு, பிடுங்கி, உரித்தே வளர்ந்த கை அவருடையது. புதிதாக ஒரு வேலையைச் சொல்லிக்கொடுப்பதைவிட, மூளைக்கு நாற்பது ஐம்பது வருடம் பழகிய வேலையைக் கேட்பது எளிது என்று ஒரு பூண்டை எடுத்து வைத்தேன்.

முதல் கட்டத்தில் வராத கைக்குப் பிடிக்கிற வேலை மட்டும். மேசை மேல் கையை வைத்து, முழுப் பூண்டை உள்ளங்கையில் வைத்து, நல்ல கையால் விரல்களை அதைச் சுற்றி மூடிவிட வேண்டும். வராத கை பிடித்துக்கொண்டிருக்க, நல்ல கை பல் பல்லாகப் பிய்க்கும். இழுபடும்போது பிடி தானாக இறுகும். அப்பத்தா முதல் தடவை அது இறுகியதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, விடுவது. பிடித்த பூண்டைக் கீழே இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். விரல் திறக்கவில்லையென்றால் மணிக்கட்டை லேசாகக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் தளரும். உதறாதீர்கள்.

மூன்றாவது, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் பற்களை மாற்றுவது. பெரிய பற்கள் முதலில், கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்ந்து. இருபது பல் ஆனதும் ஓய்வு. தோளை உயர்த்தி, உடம்பையே சாய்த்து எடுக்கப் பார்ப்பார்கள். முதுகை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டால் கைதான் வேலை செய்தாக வேண்டும்.

கடைசியாகத்தான் நகத்தால் தோல் உரிப்பது. தண்ணீரில் ஊறவைத்த பல் என்றால் சுலபம். கத்தி கொடுக்காதீர்கள். முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள், பூண்டுச் சாறு நெடுநேரம் பட்டால் தோல் புண்ணாகும், அது அவருக்குத் தெரியாமலும் போகலாம். பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இதையே காப்பிக்கொட்டை பொறுக்க வைத்துச் செய்தேன். பீன்ஸ் உடைக்கலாம், துணிக்கு கிளிப் போடலாம். அவருடைய கை எதில் பழகியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அசைவே இல்லாத கைக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. மேசையில் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதன் முகம் நல்ல கையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வராத கை பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையை மெதுவாகத் திறந்து மூடியபடி கண்ணாடிக்குள் பார்த்தால், வராத கை அசைவது போலத் தெரியும். மறைந்திருக்கும் கையாலும் அதையே செய்ய முயல வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

முகம், பேச்சு, விழுங்குதல்

சுருக்கமாக. கண்ணாடி பார்த்து உதட்டைக் குவிப்பது, பல் தெரியச் சிரிப்பது, கன்னத்தை உப்புவது, ஒவ்வொன்றும் பத்து. பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். வீட்டில் செய்ய வேண்டியது, அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காமலிருப்பது. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், சின்னக் கரண்டி, முடிந்து அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார், தொண்டையில் தண்ணீர் தேங்கியது போலக் குரல் மாறுகிறது என்றால் கட்டாயம் காட்டுங்கள், நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

நாட்களும் மாதங்களும்

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன்பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. ஒரு வருடம் கழித்து விரல் திறந்தவர்களும் உண்டு. அதிகக் களைப்பு இந்த நோயோடு வருவது, சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பத்துப் பத்து நிமிடமாக நாலைந்து தடவை செய்வது நல்லது. காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் மூளை செய்கிற வேலை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்கு மருந்து உண்டு. பி.பி., சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை நன்றாகிவிட்டது என்று நிறுத்தவே கூடாது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். வருகிறவர் எப்போதாவதுதான் வர முடியும், மற்ற நாட்கள் உங்களுடையவை.

தினத்தாள் காலண்டர் இருக்கிறதல்லவா, அன்றன்றைய தாளில் இரண்டு எண் எழுதுங்கள்: எத்தனை தடவை எழுந்தார், எத்தனை பூண்டுப் பல் மாற்றினார். தோள் வலி புதிதாக வந்ததா, கை வீங்கியதா, விழுந்தாரா என்பதையும் ஒரு சொல்லில். பூம்பாறைப் பேரன் எட்டு மாதத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான். நடுவில் ஆறு நாள் எண் இல்லை. கேட்டால், “பூண்டு அறுப்புண்ணே, எல்லாரும் காட்டுல.” அப்பத்தா கட்டிலிலிருந்து, “நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? கொல்லைக் கதவு வரைக்கும் நடந்தேன்ல, அதை எழுதுடா” என்றார்.